இளமையிற் பாரிசவாயு

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் யான் ஏறும்போதெல்லாம் பழந்தமிழ் நூல்களுள் ஒன்றைப் பற்றிப் பேசி அமர்வதே வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, 'இம்முறை ஒரு நோயைப் பற்றிப் பேச இடங்கொடுக்க வேண்டும்' என்று யானே கேட்டுக்கொண்டேன். அவர் சிறிது திகைத்தார். தமிழாசிரியனுக்கும் வைத்தியத்துக்கும் என்ன உறவு என்று அவர் எண்ணியிருக்கலாம். எண்ணியிருப்பின் அது தவறன்று. யான் வைத்தியன் அல்லேன். நாடி பார்க்கவும் அறியேன். ஆயினும், சென்ற ஈராண்டுகளாக இந்நோயைக் குறித்து வைத்தியர் சிலரிடம் கேட்டும், அவர்கள் காட்டிய கட்டுரைகளை அகராதியின் துணைகொண்டு படித்தும் அறிந்தவற்றை உங்கள் முன் வையாதிருப்பேனாயின் என் நெஞ்சம் என்னை விடாது. அதன் காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

என்னுடன் பணிபுரியும் ஓவிய ஆசிரியர் ஒருவர் உளர். அப்போது அவருக்கு வயது 37. மெலிந்த உடலினர். புகை பிடியார், மது அருந்தார், வெற்றிலையும் போடார். மிதிவண்டியிலேயே பள்ளிக்கு வருபவர். ஒரு புதன்கிழமை முற்பகல் மூன்றாம் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்குள் வந்தவர், கையிலிருந்த சாக்குக்கட்டியை மேசைமேல் வைக்க முயன்றார். அது நழுவி வீழ்ந்தது. எடுக்கக் குனிந்தார், வலக்கை அவர் ஏவலைக் கேட்கவில்லை. 'என்ன ஐயா?' என்றேன். விடை கூறினார், சொல் குழறிற்று. வாயின் வலப்புறம் சற்றே தாழ்ந்திருந்ததையும் கண்டேன். கண்டும் யான் செய்தது யாது? ஒரு மாணவனை ஓடவிட்டுக் கோலி சோடா வாங்கிவரச் செய்து குடிக்கக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வாய் நேராயிற்று, கை எழுந்தது, பேச்சும் தெளிந்தது. அவர் சிரித்தார். 'காலையில் தின்ற வடை செய்த வேலை, ஐயா' என்றார். யாங்களும் சிரித்தோம். அவர் அடுத்த வகுப்புக்குச் சென்றுவிட்டார்.

மறுநாள் வைகறையில் அவரால் பாயினின்றும் எழ இயலவில்லை. வலக்கையும் வலக்காலும் மரம்போற் கிடந்தன. பேச்சு அறவே நின்றது. செய்தி கேட்டு ஓடினேன். அவர் அன்னையார், 'இந்த வயதில் பாரிசவாயு வருமா, தம்பி? இது வாயுப் பிடிப்புத்தான்' என்றார். யானும் அதனை நம்பவே விரும்பினேன். எண்ணெயிட்டு நீவிவிடும் ஒருவரிடம் கொண்டு சென்றார்கள். யானும் உடன் சென்றேன். ஒன்றரை நாள் அங்கே கழிந்தது. பின்னர் நகரத்து வைத்தியசாலையிற் சேர்த்தபோது, அங்கிருந்த வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி, 'எப்பொழுது தொடங்கிற்று?' என்பது. புதன்கிழமை நிகழ்ந்ததை யான் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும்.

சொல்லாராய்ச்சியிற் பழகியவன் ஆதலின், வைத்தியசாலையின் திண்ணையில் அமர்ந்திருந்த அந்நாட்களில் இந்நோயின் பெயரையே எண்ணிக்கொண்டிருந்தேன். பாரிசம் என்பது பக்கம். வாயு என்பது காற்று. பக்கவாதம் என்பதும் அதுவே. சீனரும் தம் மொழியில் இதனைக் 'காற்றால் தாக்குண்டது' என்னும் பொருள்படவே வழங்குகின்றனர். கிரேக்கர் இட்ட பெயருக்கு 'அடித்து வீழ்த்தப்பட்டது' என்பது பொருள். ஆங்கிலத்து 'ஸ்ட்ரோக்' என்பதும் 'அடி' என்னும் பொருளதே. எனவே பழைய மாந்தர் யாவரும் நோயின் விரைவைக் கண்டனர், இருப்பிடத்தைக் காணவில்லை. அதனைக் கண்டு எழுதியவர் ஸ்விட்சர்லாந்து நாட்டு வைத்தியராகிய யோஹான் யாக்கோப் வெப்ஃபர் என்பவர். இந்நோயால் இறந்தோரின் தலையை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் குருதி கசிந்து கிடந்ததைக் கண்டு, 1658-ல் நூல் வெளியிட்டார். காற்று அன்று, குருதியே காரணம் என்பது தெளிந்து மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. நம் நாவில் மட்டும் வாயு இன்னும் வீசிக்கொண்டிருக்கின்றது. பெயர் அங்ஙனம் இருத்தலாலன்றோ நாம் கையையும் காலையும் பிடித்துவிடுகின்றோம்! கையில் நோயில்லை, காலில் நோயில்லை. அவற்றை ஏவும் இடத்தில் விளக்கு அணைந்துவிட்டது.

நம் உடலின் எடையை 100 பங்காக்கினால் மூளை 2 பங்கே ஆகும். ஆனால் உடல் முழுதும் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்கின்றது. அவ்வுணவைக் கொண்டுசெல்வன கழுத்தின் முன்புறத்தே இரண்டும், முதுகெலும்பை ஒட்டிப் பின்புறத்தே இரண்டுமாகிய நான்கு குழாய்கள். இவற்றில் ஒன்றோ, இவற்றின் கிளையொன்றோ அடைபட்டாலும், வெடித்துக் குருதி கசிந்தாலும் அப்பகுதி பட்டினியால் மடியத் தொடங்கும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டவனது மூளையில் நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் அமெரிக்க வைத்தியர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். இடப்பக்க மூளை உடலின் வலப்பக்கத்தை ஆள்கின்றது. பெரும்பாலோர்க்குப் பேச்சும் இடப்பக்கத்திலேயே இருக்கின்றது. இதனைப் பிரெஞ்சு நாட்டு வைத்தியர் பிரோக்கா 1861-ஆம் ஆண்டு தொடங்கி விளக்கினார். ஓவிய ஆசிரியருக்கு வலக்கையும் பேச்சும் ஒருங்கே சென்றமைக்குக் காரணம் இதுவே.

அடைப்பைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. நோய் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் இட்டால் பயன் தரும் என்று 1995-லும், 4½ மணி நேரம் வரை இடலாம் என்று 2008-லும் மெய்ப்பித்தனர். பெரிய குழாய் அடைபட்டிருப்பின், தொடை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி அடைப்பை வெளியே இழுத்தெடுக்கும் முறை 2015-ல் உறுதிப்பட்டது. தக்க நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையும் அது செய்யத்தகும் என்று 2018-ல் அறிந்தனர். யாங்களோ ஒன்றரை நாளை எண்ணெய்க்குக் கொடுத்தோம்.

அதனினும் என்னை வருத்துவது வேறொன்று. புதன்கிழமை வந்து பத்து நிமிடத்தில் நீங்கியது இருக்கின்றதே, அதுவே நோயின் தூதன். சிறு கட்டியொன்று குழாயில் தங்கிப் பின் தானே கரைந்துபோதலால் அவ்வாறு நேர்கின்றது. அத்தூதன் வந்தவர்களுட் பத்தில் ஒருவர்க்கு மூன்று மாதத்துக்குள் முழு நோய் வருகின்றது என்றும், அவ்வாறு வருவோரிற் பாதிப்பேர்க்கு முதல் இரண்டு நாளிலேயே வந்துவிடுகின்றது என்றும் 2000-ல் அமெரிக்காவில் எடுத்த கணக்குக் கூறுகின்றது. அன்றைக்கன்றே நோயாளியைப் பார்த்து மருந்து தொடங்கினால், இவ்வாறு பின்வரும் நோயில் 100-க்கு 80 பங்கு குறைகின்றது என்று 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தார் காட்டினர். சோடா வாங்க ஓடிய அம்மாணவனை யான் ஆட்டோ ஒன்று அழைத்துவர ஓடவிட்டிருக்கலாம். மேலும், சொல் குழறுபவர்க்கு விழுங்குதலும் தடுமாறும். நீரோ உணவோ கொடுத்தால் மூச்சுக்குழலிற் சென்றுவிடும் என்பதையும் பின்னரே அறிந்தேன். யான் செய்தது இருவழியிலும் பிழை.

யாங்கள் அத்தனை பேரும் ஏமாந்தது எதனால்? 'இந்த வயதில் வருமா?' என்னும் ஒரு கேள்வியால். வரும். இந்நோய் கொள்வோருள் 100-க்கு 10 முதல் 15 பேர் 50 வயதுக்கு உட்பட்டவர் என்பது பல நாட்டுக் கணக்கு. முதியோர்க்கு வரும் காரணங்கள் இளையோர்க்கும் உண்டு. இளையோர்க்கே உரிய காரணங்களும் சில உண்டு. அவற்றையே இனிச் சொல்லப் புகுகின்றேன்.

முதியோர்க்கும் இளையோர்க்கும் பொதுவாய் முன்னிற்பது இரத்தக் கொதிப்பு. 32 நாடுகளில் நடத்திய பேராய்வொன்று 2016-ல் வெளிவந்தது. இந்நோய்க்குரிய ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணங்களுள் அடங்கிவிடுகின்றது என்றும், அவற்றுள் தலையாயது இரத்தக் கொதிப்பே என்றும் அது கூறிற்று. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோருள் ஆண்களில் 100-க்கு 24 பேரும், பெண்களில் 21 பேரும் இக்கொதிப்பு உடையவர் அல்லது அதற்கு மருந்து உண்பவர். இது தலைவலி தந்து தன்னை அறிவிக்கும் என்று பலர் நம்பியிருக்கின்றனர். அறிவிக்காது. அளந்தாலன்றித் தெரியாது. 30 வயது இளைஞன் எதற்காக அளக்கப்போகின்றான்? அவன் அளப்பது தன் தந்தைக்கு. இளையோர்க்கு இக்கொதிப்பு இருப்பின் சிறுநீரகத்தில் யாதேனும் குறை உண்டோ என்றும் பார்த்தல் வேண்டும் என்பர் வைத்தியர். 140-க்கு 90 என்னும் அளவைப் பலமுறை அளந்தும் எட்டுமாயின் அது நோயே. சர்க்கரையும் உடன் சேருமாயின் குழாய்கள் இன்னும் விரைவில் கெடும்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அது ஒரு தேக்கரண்டி அளவுதான். இன்று பகல் நம் சங்கத்துப் பந்தியில் ஊறுகாய் இருமுறை வந்தது. யானும் இருமுறை பெற்றுக்கொண்டேன். அப்பளத்தைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

இரவெல்லாம் கணிப்பொறி முன் அமர்ந்து உழைக்கும் நம் பிள்ளைகள் பலர் இங்கே உளர். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரினும் இந்நோய் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக வருகின்றது என்று 2015-ல் பல ஆய்வுகளைத் திரட்டிக் கண்டனர். உழைப்பு மட்டுமே காரணமென்று கொள்ளற்க. உழைப்போடு வரும் உறக்கமின்மை, அசையாதிருத்தல், கண்ட வேளையில் கண்டதை உண்ணுதல், இளைப்பாறப் பிடிக்கும் புகை என்பனவும் அதனுள் அடங்கும். புகையிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பீடியாயினும், சிகரெட்டாயினும், வாயில் அடக்கும் பொடியாயினும் ஒன்றே. மதுவும் கஞ்சாவும் அவ்வாறே. இவை தீயன என்பதை உண்போரே நன்கறிவர்.

இவற்றுள் ஒன்றும் நம் ஓவிய ஆசிரியரிடம் இல்லை. கொதிப்பில்லை, சர்க்கரையில்லை, கொழுப்பும் அளவோடு இருந்தது. 'யார் கண் பட்டதோ!' என்று உறவினர் புலம்பினர். மூன்றாம் நாள் வைத்தியர் எங்களை அழைத்து, 'அண்மையில் இவர் கழுத்தில் அடிபட்டதா?' என்று கேட்டார். இல்லை என்றோம். அருகில் நின்ற அவருடைய மகன், எட்டு வயதுச் சிறுவன், 'ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டும் கடையில் அப்பாவின் கழுத்தைத் திருப்பினார்கள். படார் என்று சத்தம் கேட்டது. அப்புறம் அப்பா கழுத்து வலிக்கிறது என்றார்' என்றான். படம் எடுத்துப் பார்த்தனர். கழுத்தின் இடப்புறத்துப் பெருங்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தது.

இதனைச் சிறிது விளக்குதல் நன்று. குருதிக்குழாயின் சுவர் மூன்று அடுக்கு உடையது. கழுத்தைத் திடீரெனத் திருகினால் சிலர்க்கு உள்ளடுக்கு கிழிந்துவிடும். கிழிந்த வாய் வழியே குருதி அடுக்குகளுக்கிடையே புகுந்து சுவரைப் புடைக்கச் செய்யும். கிழிசலில் குருதி உறைந்து கட்டியாகும். அக்கட்டி சில நாட்களுக்குள் மேலே சென்று மூளையை அடைக்கும். 50 வயதுக்குட்பட்டோர்க்கு வரும் அடைப்பு நோயில், சில வைத்தியசாலைக் கணக்குகளின்படி, ஐந்தில் ஒன்று வரை இதனால் வருவது. வண்டி விபத்திலும் இது நேரும். சிலர்க்கு வெளிக்காரணம் யாதுமின்றியும் நேரும். 1993-ல் வைன்டிராப் என்னும் அமெரிக்க வைத்தியர், அழகு நிலையத்தில் தலைகழுவும் தொட்டியின்மேல் கழுத்தைப் பின்னே சாய்த்திருந்த பெண்டிர் ஐவர்க்கு இந்நோய் வந்ததை எழுதினார். முடிதிருத்தும் கடைக்காரரைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர் தம் தந்தையார் செய்ததைச் செய்தார். நாமும் அதனை விரும்பிக் கேட்கின்றோம். அவரிடம் அமர்ந்து நெட்டி முறித்துக்கொண்ட பலர்க்கும் யாதும் நேர்வதில்லை. ஆனால் அதனாற் பெறும் பயன் ஒரு நொடிச் சுகம். நேர்ந்தாற் கொடுக்கும் விலையோ வலக்கை. கத்தரிக்கோலோடு நிறுத்திக்கொள்ளும்படி சொல்லிவிடுங்கள். கழுத்தைத் திருகியபின், அல்லது அடிபட்டபின், ஒருபுறக் கழுத்திலும் தலையிலும் புதிதாக வலி தோன்றி, உடன் தலைச்சுற்றலோ, பொருள்கள் இரண்டாகத் தோன்றலோ, கண்ணிமை ஒன்று தாழ்தலோ நேருமாயின் தைலம் தேய்த்துக்கொண்டிராது வைத்தியரிடம் செல்க.

இனித் தாய்மார்களுக்குச் சில கூறல் வேண்டும். ஓர் ஆடவன் இவற்றைச் சபையிற் பேசுதல் பொருந்துமோ என்று தயங்கினேன். என் மனைவியார், 'நீங்கள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?' என்றார்; ஆதலின் பேசுகின்றேன்.

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் போலவே, அங்கிருந்து மீட்டுக் கொணரும் குழாய்களும் உண்டு. அவற்றிற் குருதி உறைந்து அடைபடுவது இளம்பெண்டிர்க்கு மிகுதி. பிள்ளைப்பேற்றை அடுத்த ஆறு வாரங்களில் அதனினும் மிகுதி. பேறு நிகழும்போது உதிரம் மிகப் பெருகாதிருத்தற்பொருட்டு, உறையும் தன்மை அக்காலத்து இயல்பாகவே கூடியிருக்கின்றது. அந்நிலையில் நாம் செய்வது யாது? பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்கின்றோம். வெந்நீரும் மடக்கு மடக்காய் அளந்தே கொடுக்கின்றோம். காற்றுப்புகா அறையிற் கிடத்துகின்றோம். நீர் வற்றினால் குருதி தடித்து, உறைதல் எளிதாகும். உடலிற் குருதிச் சோகையும் இருப்பின் இன்னும் கேடு. பேறு பெற்றவள் நாட்கணக்கில் தலைவலி என்றாலும், வாந்தி எடுத்தாலும், கண் மங்குகின்றது என்றாலும், வலிப்புக் கண்டாலும் அது சன்னி என்றோ, பேய்க்கோளாறு என்றோ வேப்பிலையைத் தேடாதீர்கள். உரிய காலத்திற் கண்டு மருந்து கொடுத்தால் இவ்வகை நோயாளருட் பெரும்பாலோர் நன்கு தேறிவிடுகின்றனர். இதனாலேயே இதனை இவ்வளவு வற்புறுத்துகின்றேன்.

மற்றொன்று, வீட்டுக்குத் தூரமாகும் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை. திருமணம், திருவிழா, மலைக்கோயில் யாத்திரை என்று வந்துவிட்டால், சீட்டு ஒன்றுமின்றிக் கடையில் வாங்கிப் பத்து நாள், பதினைந்து நாள் விழுங்குகின்றார்கள். இதற்கென வழங்கும் நோரெதிஸ்டிரோன் என்னும் மருந்தின் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகின்றது. ஈஸ்ட்ரோஜன் குருதியை உறையத் தூண்டுவது. கருத்தடை மாத்திரைகள் பலவற்றிலும் இது உண்டு. எடுப்போர் எல்லார்க்கும் தீங்கு வரும் என்று யான் சொல்லவில்லை. முன்னரே காலில் குருதிக்கட்டி கண்டவரும், பெற்றோர் உடன்பிறந்தார்க்கு அவ்வாறு கண்டவரும், கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவரும் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடலாகாது. விசேட நாளொன்று தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும்.

மூன்றாவது காரணம் நெஞ்சிலிருந்து வருவது. பள்ளிச் சிறுவர்க்குத் தொண்டைப் புண் வருவதை அறிவீர்கள். அதனை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி, சிலரிடம் சில வாரங்களுக்குப்பின் மூட்டுக்களை வீங்கச் செய்து, இருதயத்தின் வால்வையும் கெடுத்துவிடுகின்றது. மூட்டு வீக்கம் ஆறிவிடும், வால்வு ஆறாது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்துச் சுருங்கிய அவ்வால்வின் பின்னே குருதி தேங்கி, இருதயத் துடிப்பு ஒழுங்கு கெட்டு, உள்ளே கட்டி உண்டாகி, ஒருநாள் மூளைக்கு ஏறுகின்றது. செல்வ நாடுகளில் இது பெரும்பாலும் மறைந்துவிட்டது. நம் நாட்டில் மறையவில்லை. 'தொண்டை வலி', 'முழங்கால் வீக்கம்' என்று எழுதிய விடுப்புக் கடிதங்கள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் எழுத்துப்பிழை திருத்தியிருக்கின்றேன். நோயைக் குறித்து ஒருநாளும் உசாவியதில்லை. இப்பொழுது உசாவுகின்றேன். முதலிலேயே கண்டுகொண்டால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி இட்டு மேற்கேடு வராமற் காக்கலாம்.

வால்வு கெட்டுத் துடிப்பும் ஒழுங்கு தவறியவர்க்கு, உறைதலைத் தடுக்கும் மாத்திரையும் மாதந்தோறும் குருதிச் சோதனையும் வேண்டும். புதிய மருந்துகள் வந்துவிட்டன, சோதனை வேண்டா என்று சிலர் மாற்றிக்கொள்கின்றனர். ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா நாடுகளில் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்நோயாளர்க்குப் பழைய மருந்தே சிறந்தது என்று கண்டனர். நம்மவரிடம் இதனினும் பெரிய தடை வேறு. பெண்ணுக்கு இருதய நோய் என்றால் நல்ல சம்பந்தம் வாராது என்று அஞ்சி மறைக்கின்றோம். மணம் முடிந்து புகுந்த வீட்டில் மாத்திரை உண்டால் கேட்பார்களே என்று அவள் நிறுத்திவிடுகின்றாள். அல்லது கருவுற்றபோது வைத்தியரிடம் சொல்ல இயலாது தவிக்கின்றாள். நம் சங்கம் சாதகம் பார்த்துப் பொருத்தம் கூட்டுகின்றது. மறைத்துக் கூட்டிய பொருத்தத்தால் 25 வயதிற் பேச்சிழக்கும் பெண்ணுக்கு யார் பொறுப்பு என்பதைப் பெரியோர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். நோயைச் சொல்லிப் பெண் கொடுப்பாரும், அறிந்து பெண் கொள்வாரும் நம்முள் சிலரேனும் முன்வருதல் வேண்டும்.

இருதயத்தில் பிறவித் துளை ஒன்றும் உண்டு. கருவில் இருக்கும்போது இருதயத்தின் மேலறைகளுக்கிடையே உள்ள சிறு வாயில், பிறந்தபின் மூடிக்கொள்வது இயல்பு. நால்வரில் ஒருவர்க்கு அது முற்றும் மூடுவதில்லை. அவர்களுட் பெரும்பாலோர் அதனை அறியாமலே நெடுநாள் வாழ்ந்து முடிக்கின்றனர். சிலர்க்குக் காலிலிருந்து வரும் கட்டி அவ்வழியே மூளைக்குச் சென்றுவிடுகின்றது. அத்தகையோர்க்கு அவ்வாயிலை அடைத்தால் நோய் மீண்டும் வருவது குறையும் என்று 2017-ல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின.

இன்னும் சில உள. மூளையுறையைப் பற்றும் காசநோய் அங்குள்ள குழாய்களைச் சுருக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சும் சிலர்க்கு இந்நோயைத் தரும். இளம்பெண்ணின் ஒரு கையில் நாடி துடிக்கவில்லை என்றால், ஜப்பானியராகிய தகயாசு 1908-ல் முதன்முதல் எடுத்துரைத்த குழாயழற்சி அதுவோ என்று வைத்தியர் ஐயுறுவர். எல்லாச் சோதனையும் செய்தபின்னும் இளையோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர்க்குக் காரணம் புலப்படுவதில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றேன். ஆயினும் தேடாது விடலாகாது. காரணத்துக்கேற்ப மருந்து வேறாகின்றது. வால்வுக்கு ஒன்று, கிழிந்த குழாய்க்கு ஒன்று, துளைக்கு ஒன்று, கொதிப்புக்கு ஒன்று. காரணம் அறியாது வீடு திரும்பியவனுக்கு நோய் இரண்டாம் முறை வருமாயின் அது முன்னையதினும் கொடியதாகலாம்.

நம் ஓவிய ஆசிரியர் ஏழு மாதங்களுக்குப்பின் பள்ளிக்குத் திரும்பினார். நடக்கின்றார். பேச்சு வந்துவிட்டது, பெயர்ச்சொற்கள் மட்டும் வரத் தாமதிக்கின்றன. என் பெயர் சிலநாள் அவருக்கு வருவதில்லை. 'ஐயா' என்று அழைத்துவிடுகின்றார். வலக்கையால் தூரிகையைப் பிடிக்க இயலவில்லை. இடக்கையால் கரும்பலகையில் எழுதப் பழகிவருகின்றார். மிதிவண்டியை விற்றுவிட்டார்கள்.

இனிச் செய்ய வேண்டுவன. வாய் ஒருபுறம் கோணினும், ஒரு கை தளரினும், சொல் குழறினும், திடீரெனப் பார்வையோ நிலையோ தடுமாறினும் உடனே மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 108-க்குச் சொல்லுங்கள், தமிழ்நாட்டில் 2008 முதல் அவ்வண்டி ஓடுகின்றது. ஸ்கேன் கருவியும், கரைக்கும் ஊசியும் உள்ள வைத்தியசாலை தத்தம் ஊர்க்கு அருகே எங்குள்ளது என்பதை இன்றே கேட்டறிந்து வையுங்கள். அந்நாளில் கேட்க நேரமிராது. அறிகுறி தானே நீங்கிவிட்டாலும் பயணத்தை நிறுத்தாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு விழாவில் சந்தனமும் கற்கண்டும் வைக்கும் வாயில் மேசைக்கு அருகே இரத்தக் கொதிப்பு அளக்கும் கருவியொன்றும் வைத்தல் வேண்டும். 18 முதல் 45 வயது வரை உள்ளோர் முதலில் அளந்துகொள்ளட்டும். முதியவர்கள் தாமே அளந்துகொள்வார்கள். கருவியின் விலையை யான் தருகின்றேன். அளந்து எழுத ஆசிரியர் இருவர் வர இசைந்துள்ளனர். பெயர்ப் பதிவேட்டை ஓவிய ஆசிரியர் இடக்கையால் எழுதுவதாகச் சொல்லியிருக்கின்றார். ஆதலின் வரிசை சற்று மெல்ல நகரும், பொறுத்தருள வேண்டும்.